மழை கொணர்பவன் மாற்றுக் குறைந்தவனா?

மூன்றாம் ஆண்டு இளங்கலைக் கணித மாணவன்

ஆண்டு மலர் என்றதும் கவிதையும் சிறுகதையும் அறிவியல் கட்டுரையும் கல்விச் சுற்றுலா நினைவுகளுமே நம் எண்ணத்தில் எழும். அவற்றுக்கு நடுவே ஒரு மின்னணு ஆட்டத்தைப் பற்றிய கட்டுரையா என்று ஆசிரியப் பெருமக்கள் வியக்கக்கூடும். சதுரங்கத்தைப் பற்றி எழுதினால் வியப்பவர் எவருமிலர். குதிரையை எப்போது பாய்ச்சலாம், யானையை எப்போது விட்டுக்கொடுக்கலாம் என்று நாள் முழுதும் வாதிடுவதை அறிவுக்குப் பயிற்சி என்கிறோம். நான் எடுத்துக்கொண்ட போக்கிமான் ஆட்டமும் அத்தகைய வாதத்துக்கு இடம் தருவதே. அந்த ஆட்டத்தில் வானிலையை மாற்றித் தரும் துணை உயிரியைப் பற்றி நம் விடுதியில் நிலவும் ஒரு கருத்து பிழையானது என்பது என் துணிபு. அதை எடுத்துரைக்கவே இக்கட்டுரை.

அக்கருத்து இதுதான்: "ஆறும் அடிக்கத் தெரிந்தவையாக இருந்தால் போதும். மழை பெய்விக்கவும் வெயில் காயவைக்கவும் ஓர் இடத்தை ஏன் வீணாக்க வேண்டும்?" இதைச் சொல்பவர்கள் ஆட்டம் தெரியாதவர்கள் அல்லர். தனி ஆட்டத்தில் என்னைப் பலமுறை வென்றவர்களே சொல்கிறார்கள். அதன் விளைவு என்ன? இருவர் இருவராகச் சேர்ந்து ஆடும் 'மல்டி' ஆட்டத்தில், வானிலை கொணரும் பொறுப்பை ஏற்க ஒருவரும் முன்வருவதில்லை. எல்லார்க்கும் வீழ்த்தும் கை வேண்டும். வீழ்த்துவதற்கு வழி செய்யும் கை வேண்டாம். அந்த இடத்தை நான் கேட்டு வாங்கிக்கொள்வது வழக்கம். ஆகவே இவ்வழக்கில் நான் நடுநிலையாளன் அல்லன், வாதி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வானிலை புகுந்த வரலாறு

ஆட்டத்தை அறியாதவர்க்காகச் சில சொற்கள். ஜப்பானின் கேம் ஃபிரீக் நிறுவனத்தார் ஆக்க, நின்டெண்டோ நிறுவனத்தார் 1996 பிப்ரவரி 27 அன்று 'ரெட்', 'கிரீன்' என்னும் இரு பதிப்புகளாக இதை வெளியிட்டனர். ஒவ்வொரு போக்கிமானும் நீர், நெருப்பு, புல், மின்சாரம், பாறை போன்ற இனங்களுள் ஒன்றையோ இரண்டையோ சேர்ந்தது. ஒவ்வொன்றும் நான்கே நான்கு வித்தைகளைக் களத்துக்குக் கொண்டு செல்லலாம். ஆட்டக்காரர் இருவரும் ஒருவர்க்கொருவர் தெரியாமல் கட்டளையிடுவர். விரைவு மிகுந்த போக்கிமான் முதலில் செயல்படும். இட்ட கட்டளைகள் யாவும் நிறைவேறி முடிவது ஒரு சுற்று. உலகப் போட்டிகளில் ஆறு போக்கிமான்களை எதிராளிக்குக் காட்டி, அவற்றுள் நான்கைத் தேர்ந்து, இரண்டிரண்டாகக் களத்தில் நிறுத்தி ஆடுவது வழக்கம்.

முதற்பதிப்பில் வானிலை என்பதே இல்லை. 1999 நவம்பரில் வந்த 'கோல்டு', 'சில்வர்' பதிப்புகளில்தான் மழையும் வெயிலும் மணற்புயலும் புகுந்தன. அப்போது அவற்றை வித்தையால் மட்டுமே கொணர முடியும். ஒரு சுற்றைச் செலவிட்டு 'ரெய்ன் டான்ஸ்' ஆடினால் ஐந்து சுற்றுக்கு மழை. 2002இல் வந்த 'ரூபி', 'சஃபையர்' பதிப்புகள் ஆலங்கட்டி மழையைச் சேர்த்ததோடு நில்லாமல், பிறவிக்குணம் என்ற ஒன்றையும் அளித்தன. கியோகர் களத்தில் கால் வைத்தாலே மழை. கிரௌடன் வந்தாலே கொளுத்தும் வெயில். டைரானிடார் வந்தாலே மணற்புயல். கட்டளை வேண்டா, சுற்றும் செலவாகாது.

கியோகரும் கிரௌடனும் பெருந்தெய்வங்கள் போன்றவை. பொதுவான போட்டிகளில் அவற்றுக்கு இடமில்லை. 2010இல் 'பிளாக்', 'வைட்' பதிப்புகள் வந்தபோதுதான் அந்தப் பேறு எளியவற்றுக்கும் கிட்டியது. பாலிடோட் என்னும் தவளைக்கு மழை கொணரும் குணமும், நைன்டேல்ஸ் என்னும் ஒன்பது வால் நரிக்கு வெயில் கொணரும் குணமும் வாய்த்தன. தவளை கத்தினால் மழை வரும் என்பது நம் ஊர்ப் பாட்டிமார் நம்பிக்கை. வெயிலடிக்கும்போதே மழையும் பெய்தால் காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் என்போம். ஜப்பானியரும் அதை நரியின் திருமணம் என்றே சொல்கின்றனர். 2016இல் 'சன்', 'மூன்' பதிப்புகள் வந்தபோது இன்னும் இருவர் உயர்ந்தனர்: பெலிப்பர் என்னும் கூழைக்கடா, டோர்கோல் என்னும் கரியாமை. இவ்விரண்டும் 2002 முதலே ஆட்டத்தில் இருந்தவை. பதினான்கு ஆண்டுகளாகப் போட்டிகளில் அவற்றைச் சீந்துவார் மிகச் சிலரே. உடல் வலிமை பெரிதாகக் கூடிவிடவில்லை. குணம் ஒன்று சேர்ந்தது. அணியின் நடுநாயகம் ஆயின. இந்த ஒரு வரலாறே என் வாதத்துக்குப் பாதிச் சான்று.

கணக்கு என்ன சொல்கிறது?

கணிதம் பயில்பவன் நான். ஆகவே கணக்கைக் காட்டாமல் நகர மனமில்லை. மழையில் நீர்வித்தைகளின் வலிமை ஒன்றரை மடங்காகும். நெருப்பு வித்தைகளின் வலிமை பாதியாகும். 'சர்ஃப்' என்னும் நீர்வித்தையின் வலிமை 90; மழையில் அது 135. அதே வேளையில் எதிராளியின் 90 வலிமையுள்ள நெருப்பு வித்தை 45 ஆகிவிடும். இரண்டுக்கும் இடையே இருந்த சமநிலை மறைந்து மூன்று மடங்கு வேற்றுமை தோன்றிவிட்டது. இதைச் செய்தவன் ஒருவரையும் அடிக்கவில்லை. களத்தில் வந்து நின்றான், அவ்வளவே.

இனி விரைவைப் பார்ப்போம். 'ஸ்விஃப்ட் ஸ்விம்' என்னும் குணமுடையவை மழையில் இரு மடங்கு விரைவு பெறும். கிங்ட்ரா என்னும் போக்கிமானின் அடிப்படை விரைவு 85. அதிகாரபூர்வப் போட்டிகளின் 50ஆம் படிநிலையில், முழுப் பயிற்சியும் விரைவைக் கூட்டும் சுபாவமும் தந்தால் அதன் விரைவு 150 ஆகும், மழையில் 300. 2020இல் வந்த ரெஜியெலெக்கி அடிப்படை விரைவு 200 உடையது. அதே முறையில் கணக்கிட்டால் அதற்கு வருவது 277. விரைவுக்கே பிறந்த ஒன்றை, நடுத்தரமான ஒன்று மழையின் துணையால் முந்திவிடுகிறது! வெயிலில் 'குளோரோஃபில்' குணமுள்ள புல்லினங்களுக்கும், மணற்புயலில் 'சாண்ட் ரஷ்' குணமுள்ளவற்றுக்கும் இதே இரட்டிப்பு உண்டு.

மூன்றாவது, குறி தவறாமை. 'தண்டர்' என்னும் மின்வித்தை நூற்றுக்கு எழுபது முறையே குறியில் விழும். மழையில் அது தவறவே தவறாது. 'ஹரிக்கேன்' என்னும் காற்று வித்தைக்கும் அவ்வாறே. பெலிப்பர் கொணரும் மழையில் பெலிப்பரின் ஹரிக்கேனே தவறாமல் விழுவது ஒரு தனி அழகு.

வலிமை, விரைவு, குறி ஆகிய மூன்றையும் ஒரே சமயத்தில் கூட்டித் தருகிறவனுக்கு இடம் தருவது வீண் என்றால், வேறு எது வீணில்லை? அடிக்கும் ஐந்துபேருக்கும் ஒருவன் பயன்படுகிறானா என்பதே கேள்வி. ஆறாவதாக இன்னொரு வீரனைச் சேர்த்தால் அவன் தன் அடியை மட்டுமே கூட்டுவான். மழை கொணர்பவன் மற்றவர்களின் அடியைக் கூட்டுகிறான். கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் உள்ள வேற்றுமையை நம் நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மெதுவாக வருபவனின் வெற்றி

இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்றுண்டு. இரு தரப்பிலும் வானிலை கொணர்பவை ஒரே வேளையில் களமிறங்கினால், விரைவு மிக்கதன் குணம் முதலில் செயல்படும். விரைவு குறைந்ததன் குணம் அதன்பின் செயல்படும். பின்னால் வந்த வானிலை முன்னால் வந்ததைத் துடைத்துவிடும். ஆகவே நிலைப்பது மெதுவானவனின் வானிலையே! பெலிப்பரின் அடிப்படை விரைவு 65. டோர்கோலின் விரைவு வெறும் 20. இரண்டும் எதிரெதிரே இறங்கினால் கூழைக்கடாவின் மழை கண நேரம் பெய்து மறைய, ஆமையின் வெயில் களத்தை ஆளும்.

ஆட்டம் முழுவதும் விரைவுக்கே மதிப்பு. இந்த ஓரிடத்தில் மட்டும் மெதுமைக்கு மதிப்பு. 2016இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகப் போட்டியில் அமெரிக்காவின் வுல்ஃப் கிளிக் கியோகரும் ரேக்வாசாவும் அடங்கிய அணியோடு முதலிடம் பெற்றார். அவ்வாண்டின் விதிகளில் கியோகர், கிரௌடன் போன்ற பெருந்தெய்வங்களுக்கும் இடம் தரப்பட்டிருந்தது. ஆதி வடிவம் கொண்ட கியோகரின் பெருமழையில் நெருப்பு வித்தை அறவே அணைந்துபோகும். ஆதி வடிவக் கிரௌடனின் வெயிலில் நீர் வித்தை அறவே ஆவியாகிவிடும். இரண்டின் அடிப்படை விரைவும் 90 என்றே அமைந்திருந்ததால், எது பிந்திச் செயல்படும் என்பதை வளர்த்தவரின் பயிற்சியே தீர்மானித்தது. வேகத்தைக் கூட்டுவதற்குப் பாடுபடும் ஆட்டத்தில், வேகத்தைக் குறைப்பதற்கும் திட்டமிட வேண்டியதாயிற்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பனிநாட்டு வடிவமான அலோலா நைன்டேல்ஸ் 'அரோரா வேல்' என்னும் திரையை விரிக்க வல்லது. இரட்டையர் ஆட்டத்தில் அது தன் அணி பெறும் அடியில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கும். ஆனால் ஆலங்கட்டியோ பனியோ பொழிந்தால்தான் திரையை விரிக்க முடியும். அந்த நைன்டேல்ஸின் விரைவு 109. எதிரே டோர்கோலோ பெலிப்பரோ டைரானிடாரோ இறங்கிவிட்டால், பனி முந்திக்கொண்டு பொழிந்து உடனே மறையும், திரை விரியாது. விரைவே அதற்குப் பகையாகிறது. இவற்றையெல்லாம் எண்ணி அணி அமைப்பவனை, 'அடிக்கத் தெரியாதவன்' என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவது முறையா?

மூன்று மறுப்புகள்

எதிர்த் தரப்பின் வாதங்களையும் நேர்மையாக எடுத்துவைக்கிறேன். அவை மூன்று.

முதலாவது: "வானிலை ஐந்தே சுற்று. அதற்காக ஓர் இடமா?" ஐந்து சுற்று என்பது குறைவாகத் தோன்றும். ஆனால் இரட்டையர் ஆட்டத்தில் ஒரு சுற்றுக்கு நான்கு செயல்கள் நிகழ்கின்றன. பல ஆட்டங்களின் போக்கு முதல் ஐந்து சுற்றுகளிலேயே முடிவாகிவிடுகிறது. போதாதென்றால் 'டேம்ப் ராக்' என்னும் ஈரக்கல்லைக் கையில் கொடுத்தால் மழை எட்டுச் சுற்று நீடிக்கும். வெயிலுக்கும் மணலுக்கும் பனிக்கும் அவ்வாறே கற்கள் உண்டு. இவை 2006 முதல் இருப்பவை. காற்றுள்ள போதே தூற்றிக்கொள்ளத் தெரியாதவனுக்கு எட்டுச் சுற்று மட்டுமன்று, எண்பது சுற்றும் போதா.

இரண்டாவது: "அவன் ஒருவன் வீழ்ந்தால் அணியே வீழும்." இது வலுவான மறுப்பு, இதை நான் தள்ளிவிடவில்லை. ஐந்துபேரும் மழையையே நம்பியிருந்தால் மழை நின்றதும் ஐந்துபேரும் நனைந்த பட்டாசுதான். ஆனால் இது வானிலை கொணர்பவனின் குற்றமா, அணி அமைத்தவனின் குற்றமா? ஆறில் இரண்டோ மூன்றோ மழையால் மிகுபயன் பெறட்டும். மற்றவை மழையின்றியும் நிற்கத் தக்கவையாக இருக்கட்டும். ஆறைக் காட்டி நான்கைத் தேரும் ஆட்டத்தில், வானிலை கொணர்பவனை விடுத்தும் ஆட வழி இருக்க வேண்டும். எதிராளி அவனை எதிர்பார்த்துத் தன் நால்வரைத் தேர்ந்திருக்கையில், அவன் வராமலே இருப்பதும் ஒரு தாக்குதல்தான்.

மூன்றாவது: "மழை எதிரிக்கும் பெய்கிறதே!" உண்மை. வானம் பொதுவானது, நம் குடைக்கீழ் மட்டும் பெய்யும் மழை எங்கும் இல்லை. பெலிப்பர் நீரும் பறவையுமான இரட்டை இனத்தது. ஆதலால் மின்வித்தை அதன்மேல் நான்கு மடங்காக விழும். அதுவே கொணர்ந்த மழையில் எதிரியின் தண்டர் தவறவும் மாட்டாது. தன் மழையாலேயே தனக்கு இடி! ஆனால் இந்த இடரை முன்கூட்டியே அறிந்து, மின்சாரத்துக்கு அஞ்சாத நிலவினம் ஒன்றைப் பக்கத்தில் வைப்பவனுக்கு அது இடரன்று, பொறி. எதிரி தண்டரை ஏவும் சுற்றில் பெலிப்பரைப் பின்வாங்கி நிலவினத்தை இறக்கினால் அந்த இடி மண்ணில் புதைந்துபோகும். மழை பொதுதான், மழைக்கு ஆயத்தமாக வந்தவன் ஒருவனே.

என்றும் தீராத மழை நல்லதா?

இங்கே விதிகளைப் பற்றியும் என் கருத்தைச் சொல்ல வேண்டும். 2002 முதல் 2013 வரை, பிறவிக்குணத்தால் வந்த வானிலைக்கு எல்லையே இல்லை. வேறொரு வானிலை வந்து துடைக்கும்வரை அது நீடித்தது. 2010க்குப் பின் பாலிடோட் எல்லார் கைக்கும் எட்டியதும், தீராத மழையில் இரு மடங்கு விரைவுடன் பாயும் நீரினங்களைத் தடுப்பது அரிதாயிற்று. ஆர்வலர் அமைப்பான ஸ்மோகன் 2011இல் தன் பொதுப்பிரிவு ஆட்டத்தில் ஒரு தடை விதித்தது: தானாக மழை கொணரும் குணமும் ஸ்விஃப்ட் ஸ்விம் குணமும் ஒரே அணியில் சேர்ந்திருத்தல் ஆகாது.

அந்தத் தடை அன்றைய நிலைக்குத் தக்கதே. ஆனால் 2013 அக்டோபரில் 'எக்ஸ்', 'ஒய்' பதிப்புகளை ஆக்கியவர்கள் செய்த திருத்தம் அதைவிடச் சிறந்தது என்பேன். குணத்தால் வரும் வானிலைக்கும் ஐந்தே சுற்று; கல் வைத்திருந்தால் எட்டு. தடை, இருவர் சேர்வதைக் குற்றமாக்கியது. திருத்தம், சேர்க்கையை விட்டுவைத்து அதற்குக் காலத்தை மட்டும் அளந்தது.

இத்திருத்தத்தால் வானிலை கொணர்பவனின் மதிப்புக் குறைந்தது என்று சிலர் சொல்வர். நான் அதற்கு நேர்மாறாகக் கருதுகிறேன். தீராத மழைக் காலத்தில், எதிரியிடம் வேறு வானிலை இல்லையென்றால், அவன் ஒருமுறை தலைகாட்டினால் போதும். பிறகு அவன் இருந்தென்ன, இறந்தென்ன? எல்லை வந்தபின்தான் அவன் உயிரோடிருக்க வேண்டியவன் ஆனான். எப்போது அவனைப் பின்வாங்குவது, எந்தச் சுற்றில் திரும்ப இறக்குவது, அவனுக்காக யாரை அடி வாங்கவைப்பது என்ற சிந்தனைகள் எல்லாம் அதன்பின் கூர்மையடைந்தன. முன்பு அவன் கதவைத் திறந்துவிடும் சாவி. இப்போது அவன் வாழும் துணைவன்.

துணைவன் எப்படி இருக்க வேண்டும்?

எல்லா வானிலைக்காரர்களையும் நான் போற்றுவதாக எண்ண வேண்டா. வந்து நின்று வானத்தை மாற்றிவிட்டு, அதன்பின் செய்வதறியாது திகைப்பவன் சுமைதான். நல்ல துணைவனுக்கு இரண்டாவது வேலை ஒன்று இருக்க வேண்டும். பெலிப்பரைப் பாருங்கள். மழையைக் கொணர்ந்தபின் 'டெய்ல்விண்ட்' என்னும் பின்காற்றை வீசி அணி முழுவதன் விரைவையும் இரட்டிப்பாக்கலாம். 'வைட் கார்டு' கொண்டு இருவர் மீதும் பரவி வரும் தாக்குதலைத் தடுக்கலாம். ஒற்றையர் ஆட்டமானால் 'யூ-டர்ன்' அடித்துவிட்டுத் திரும்பி, அடிக்க வல்லவனை ஊறின்றிக் களத்தில் சேர்க்கலாம். கூழைக்கடாவின் அலகுக்குள் இத்தனை வேலைகள்!

குணத்தால் அன்றி வித்தையால் வானிலை கொணர்பவர்களிலும் தரம் உண்டு. ரெய்ன் டான்ஸ் ஆடிய சுற்றும் ஐந்து சுற்றுக் கணக்கில் சேரும். மெதுவான ஒருவன் கடைசியாக ஆடினால், அந்தச் சுற்றில் மழையால் பயன்பெற எவரும் மிஞ்சியிரார்; கைக்கு எட்டுவது நான்கே சுற்று. ஆனால் டோர்னேடஸ் போன்ற 'பிராங்க்ஸ்டர்' குணமுடையது தாக்காத வித்தைகளை முந்திக்கொண்டு செய்யும்; ஆகவே அதே சுற்றில் பக்கத்துத் தோழன் மழையில் நின்று அடிப்பான். ஒரே வித்தை, செய்கின்ற ஆளைப் பொறுத்து ஒரு சுற்று லாபம். இன்னொன்றும் உண்டு: எதிரியின் மணற்புயலோ வெயிலோ மூண்டபின், நாம் விரும்பிய சுற்றில் அதைத் துடைக்க அவனால் இயலும். குணத்தால் கொணர்பவன் மறுபடி மழை வேண்டுமானால் வெளியே போய்த் திரும்ப வேண்டும்.

துணை என்பதும் தலைமை என்பதும் நிலையான பட்டங்கள் அல்ல என்பதற்கு டோர்கோல், லில்லிகான்ட் இணையே சான்று. ஆமை வெயிலைக் கொணர்கிறது. அந்த வெயிலில் லில்லிகான்ட் என்னும் மலரினம் குளோரோஃபிலால் இரு மடங்கு விரைவு பெறுகிறது. பெற்ற விரைவைத் தான் அடிப்பதற்குப் பயன்படுத்தாமல், 'ஆஃப்டர் யூ' என்று சொல்லித் தன் முறையை ஆமைக்கு ஈகிறது. மிகமிக மெதுவான ஆமை உடனே எழுந்து 'எரப்ஷன்' என்னும் எரிமலையைக் கக்குகிறது. உடல் முழு நலத்தோடு இருக்கையில் அதன் வலிமை 150, வெயிலில் 225, எதிரிகள் இருவர்மேலும் பரவுவதால் முக்காலாகக் குறைத்தாலும் ஏறத்தாழ 169. முதலில் ஆமை துணை, மலர் பயனடைந்தது. பிறகு மலர் துணை, ஆமை வீரன். இவ்விணையில் யார் பெரியவர், யார் சிறியவர்?

வெற்றிக் கணக்கில் யார் பெயர்?

இந்த வாதத்தின் அடியில் இருப்பது ஆட்டத்தைவிடச் சற்றுப் பெரிய ஒரு பழக்கம். ஆட்டம் முடிந்ததும் எத்தனை பேரை எது வீழ்த்தியது என்று எண்ணுகிறோம். கிங்ட்ரா மூன்று, பெலிப்பர் சுழியம் என்று எழுதி, அடுத்த முறை பெலிப்பரை நீக்கலாம் என்கிறோம். இந்தக் கணக்கு எண்களில் சரி, பொருளில் பிழை. அந்த மூன்றில் எத்தனை மழையால் வந்தவை என்ற நிரல் நம் தாளில் இல்லை. இல்லாத நிரலில் இருப்பவன் சுழியமாகத்தான் தெரிவான். தெருக்கூத்தில் கட்டியக்காரன் வந்து களத்தை அமைத்துத் தராவிட்டால், கிரீடம் வைத்த அரசன் எங்கே வந்து நிற்பான்?

2014இல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் தென் கொரியாவின் சேஜுன் பார்க் வெற்றி பெற்றார். அவர் அணியில் பச்சிரிசு என்ற ஓர் அணில் இருந்தது. அதன் அடிப்படை ஆற்றல்கள் ஆறையும் கூட்டினால் 405தான். போட்டிக்குரிய பலவற்றின் கூட்டுத்தொகை 500ஐத் தாண்டும். அது வானிலை கொணர்வதன்று. 'ஃபாலோ மீ' என்று கூவி, தோழன்மேல் வரும் அடிகளைத் தன்மேல் ஈர்த்துக்கொண்டது. அந்த நிழலில் பெரிய கியாராடாஸ் தன் வேலையைச் செய்தது. அதற்கு முன் பச்சிரிசுவைப் பார்த்துச் சிரிக்காதவர் யார்? அதன்பின் சிரித்தவர் யார்? ஆனால் ஒரு துணைவனை மதிக்க, அவன் உலகக் கோப்பையைத் தொட்டாக வேண்டுமா என்பதே என் கேள்வி.

வானிலைத் துணைவர்களின் காலம் முடிந்துவிட்டது என்று ஒவ்வொரு பதிப்பின்போதும் ஒரு பேச்சு எழுகிறது. 2022இல் 'ஸ்கார்லெட்', 'வயலெட்' வந்தபோது ஆலங்கட்டி மழை நீங்கி, அதனிடத்தில் பனி வந்தது. ஆலங்கட்டி ஒவ்வொரு சுற்றிலும் பதினாறில் ஒரு பங்கு உயிரைக் குறைத்தது. பனி ஒருவரையும் வருத்தாமல், பனியினத்தின் தற்காப்பை ஒன்றரை மடங்காக்கியது. 2023 டிசம்பரில் ஆர்கலுடன் என்னும் உலோகப் பாலம் போன்ற போக்கிமான் வந்தது. அதன் 'எலக்ட்ரோ ஷாட்' வித்தைக்கு வழக்கமாக ஒரு சுற்று ஆயத்தம் வேண்டும். மழையிலோ அதே சுற்றில் பாயும். உடனே யாருக்கு அழைப்பு வந்தது? அதே பழைய கூழைக்கடாவுக்கு! 2024ஆம் ஆண்டுப் போட்டிகளில் இவ்விருவரும் சேர்ந்தே பலமுறை களம் கண்டனர். புதிய வீரன் எவன் வந்தாலும், அவனுக்கு வானம் அமைத்துத் தர ஒருவன் தேவைப்படுகிறான்.

ஆகவே அடுத்த ஆண்டு விடுதிக்கு வரவிருக்கும் இளையோர்க்கு என் பரிந்துரை இது. அணி அமைக்கும்போது வாளிலிருந்து தொடங்காதீர்கள், வானத்திலிருந்து தொடங்குங்கள். எந்த வானிலையில் போரிட விரும்புகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதைக் கொணர்பவனுக்கு இரண்டாவது வேலை ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அவன் மெதுவாக இருப்பது குறையா நிறையா என்று எதிரியை நோக்கி எடைபோடுங்கள். அவன் வராத நாளிலும் நிற்கத்தக்க இருவரையேனும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்து கணக்கெழுதும்போது வீழ்த்தியவற்றின் எண்ணிக்கைக்கு அருகே இன்னொரு நிரலும் போடுங்கள்: அடித்தது யார் என்பதோடு, எவர் அமைத்த வானத்தின்கீழ் அடித்தது என்றும் எழுதுங்கள்.

என் தோழர்கள் இதைப் படித்தபின்னும் ஆறு வீரர்களோடுதான் வருவார்கள் என்றால், எனக்கு வருத்தமில்லை. அவர்கள் வரட்டும். மல்டி ஆட்டத்தில் யாரும் விரும்பாத அந்த இடம் இம்முறையும் எனக்கே கிடைக்கும். கூழைக்கடா ஆயத்தமாகவே இருக்கிறது.